வானத்துக் கண் யாருக்குச் சொந்தம்?

கொல்லன் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்க்காதவர் நம்மில் எவர்? உலையிலிருந்து இரும்பை இடுக்கியால் எடுக்கிறார் கொல்லர். காய்ந்தது போதுமா என்று தொட்டா பார்க்கிறார்? தொட்டால் விரல் என்ன ஆகும்! பார்க்கிறார், அவ்வளவுதான். கருஞ்சிவப்பாக இருந்தால், "இன்னும் ஊது" என்கிறார் துருத்திக்காரரிடம். செம்மஞ்சளாகப் பழுத்திருந்தால், "ஓங்கு சம்மட்டியை" என்கிறார். வெப்பமானி இல்லை, அளவுகோல் இல்லை. இரும்பு நிறத்தால் பேசிற்று; கொல்லர் கண்ணால் கேட்டார்!

வயற்புறம் வருவோம். வரப்பில் நிற்கிறார் உழவர். நாற்றைப் பிடுங்கிப் பார்க்கவில்லை, மண்ணைக் கிளறவில்லை. பயிர் வெளிறிக் கிடக்கிறது. "தழைச்சத்து போதவில்லை" என்கிறார். தொடாமலே நோய் அறியும் வித்தை அவருக்குத் தெரியும். பாட்டன் தந்தது, பழக்கம் வளர்த்தது.

பட்டறைக் கொல்லரும் பாடுபடும் உழவரும் செய்கிற இந்த வேலையைத்தான், தோழர்களே, 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்று செய்கிறது ஒரு கருவி. தொடாமல், தொலைவிலிருந்து, ஒளியைக் கொண்டு பொருளை அறிவது. தொலையுணர்தல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். காடு எவ்வளவு, கழனி எவ்வளவு, ஏரியில் நீர் எவ்வளவு பரப்பு, எந்த மலையில் எந்தக் கனிமப் பாறை தலைகாட்டுகிறது — இத்தனையும் அந்தக் கண்ணில் படுகின்றன.

"ஆலையில் எட்டு மணி நேரம் நின்று கால் கடுக்க வீடு திரும்பும் எங்களுக்கு வானத்துச் செயற்கைக்கோள் எதற்கு?" என்று கேட்பார் தோழர் ஒருவர். கேட்கட்டும்! கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளிப் படிப்போடு நின்றவர்தாம் நாமும். நாமும் முதலில் அப்படித்தான் கேட்டோம். பிறகு, கர்ணத்தின் ஏடு நினைவுக்கு வந்தது. எந்த நிலம் எவருடையது, எந்தப் புறம்போக்கு எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அந்த ஏட்டுக்குள் முடங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டல்லவா? உழுதவர் வாசலில் நின்றார். ஏட்டை வைத்திருந்தவர் திண்ணையில் அமர்ந்தார். ஏடு எவர் கையிலோ, ஊர் அவர் கையில்!

இன்று, உலகத்துக்கே ஓர் ஏடு எழுதப்படுகிறது — வானத்திலிருந்து. அந்த ஏடு எவர் கையில் இருக்கிறது? கேள்வி அதுதான்; கட்டுரையும் அதுதான்.

முதலில், வித்தை என்னவென்று பார்த்துவிடுவோம்.

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரிகிற நிறங்கள் மட்டுமல்ல, தெரியாத ஒளியும் உண்டு. சிவப்புக்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு. இலை என்ன செய்கிறது? நீலத்தையும் சிவப்பையும் உண்டுவிடுகிறது. பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி விடுகிறது. அதனால் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சிவப்பை அடுத்துள்ள அகச்சிவப்பையோ உண்பதேயில்லை. பெரும் பகுதியைத் திருப்பி எறிந்துவிடுகிறது. தழைத்த இலை அதிகமாக எறியும். நோயுற்ற இலை குறைவாக எறியும். தெளிந்த நீர் அந்த ஒளியை அப்படியே விழுங்கிவிடும். ஆகவே அகச்சிவப்புப் படத்தில் ஏரி கறுப்பு. காய்ந்த மண் வேறு விதம். கட்டடம் வேறு விதம். ஆளுக்கொரு கைரேகை இருப்பதுபோல், மண்ணுக்கும் மரத்துக்கும் நீருக்கும் பாறைக்கும் ஒளியில் ஆளுக்கொரு ரேகை! அந்த ரேகையைப் படிக்கக் கற்றுக்கொண்டான் மனிதன்.

நம் பக்கத்து மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. கேரளத்துத் தென்னையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வாட்டி வந்தது வேர்வாடல் நோய். தோப்புக்குத் தோப்பு நடந்து, மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்து, எத்தனை நாளில் கணக்கெடுப்பது? 1970ஆம் ஆண்டையொட்டி, பிஷரோட்டி என்ற வானிலை விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஹெலிகாப்டரில் ஏறினர். அகச்சிவப்பு ஒளியைப் பதிக்கும் படச்சுருளைக் காமிராவில் மாட்டினர்; தோப்புகளின் மேல் பறந்தனர். படத்தைக் கழுவிப் பார்த்தபோது நலமுள்ள மரங்களின் கொண்டை செக்கச்செவேலென்று இருந்தது. நோயுற்ற மரங்களின் கொண்டை மங்கிக் கிடந்தது. இந்தியாவில் தொலையுணர்தல் பிறந்த இடம் பெரிய ஆய்வு மாளிகை அல்ல, தோழர்களே, தென்னந்தோப்பு! ஏழையின் மரத்துக்கு என்ன நோய் என்ற கேள்வியில்தான் அது பிறந்தது.

அமெரிக்காவில் கதை வேறு விதமாக வளர்ந்தது. 1972ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள், பூமியின் வளங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை ஏவினர். பின்னாளில் லேண்ட்சாட் என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றியது. கீழே பூமி தன்பாட்டுக்கு உருள, மேலே அது தன்பாட்டுக்கு ஓட, ஒவ்வொரு சுற்றிலும் 185 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை நிலத்தைப் பார்த்தது. தறியில் ஊடை ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இழை இழையாக ஓடி, 18 நாளில் உலகமென்னும் துணியை நெய்து முடித்தது. மீண்டும் முதல் இழையிலிருந்து தொடங்கியது.

அந்தக் கோளில் இரண்டு கருவிகள். பெரிதென்று மதிக்கப்பட்டது ஒன்று. சோதனைக்காகச் சேர்க்கப்பட்டது மற்றொன்று. அந்த இரண்டாவது கருவியை வடிவமைத்தவர் ஒரு பெண்மணி — வர்ஜீனியா நார்வுட். பெயர்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1947இல் பட்டம் பெற்றவர். பெண் என்பதால் வேலை கிடைப்பது அரிதாயிற்று. கடையில் பெண்களுக்கான சட்டை விற்றார் சிறிது காலம்! அப்படிப்பட்டவர் பின்னாளில் செய்த கருவியில் ஒரு கண்ணாடி இருந்தது. நொடிக்குப் பதின்மூன்று முறை இப்படியும் அப்படியும் ஆடும். ஆடுகிற கண்ணாடி, நம்பலாமா என்று ஐயுற்றனர் பொறியாளர் பலர். நடந்தது என்ன? பெரிதென்று மதித்த கருவி, ஏவிய சில நாட்களிலேயே மின்கோளாறால் நிறுத்தப்பட்டது. ஐயுற்ற கருவியோ ஆண்டுக்கணக்கில் உழைத்தது! லேண்ட்சாட்டின் தாய் என்று அவரை அழைத்தனர். 2023இல் மறைந்தார். அடுப்பங்கரைக்கு அப்பால் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்போர் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் தலைக்கு மேலே விடை சுற்றிக்கொண்டிருக்கிறது.

அன்றைய படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஒன்றரை ஏக்கர். இன்றைய லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30 மீட்டர் — இருபத்திரண்டு சென்ட். ஐரோப்பியர் 2015இல் ஏவிய சென்டினல் கோளில் ஒரு புள்ளி 10 மீட்டர் — இரண்டரை சென்ட். அதாவது, குடிசையும் கொல்லையும் சேர்ந்த மனை ஒரு புள்ளியாகிவிட்டது!

சரி, படம் எடுத்தாயிற்று. படம் யாருக்கு?

இங்கேதான், தோழர்களே, அரசியல் நுழைகிறது.

"எங்கள் நாட்டைக் கேட்காமல் படம் எடுப்பதா? எங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியுமுன் அயலானுக்குத் தெரிவதா?" என்று வளரும் நாடுகள் ஐ.நா. மன்றத்தில் கேட்டன. எங்கே எண்ணெய், எங்கே செம்பு, எந்த நாட்டில் இந்த ஆண்டு விளைச்சல் குறைவு என்பதை முன்கூட்டி அறிந்தவன், சந்தையில் எப்படி விலை பேசுவான் என்பதை விளக்க வேண்டுமா நாம்? ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 1986 டிசம்பர் 3ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை ஒரு முடிவுக்கு வந்தது. இசைவு பெற வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆனால், எந்த நாட்டைப் படம் எடுத்தார்களோ, அந்த நாட்டுக்கு அந்தப் படம் பாகுபாடின்றி, நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நியாயமான விலை! விலை என்றாலே நியாயம் எது என்று சொல்பவன் விற்பவன்தானே?

1984இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த லேண்ட்சாட்டின் படங்களை விற்கும் உரிமை தனியார் கைக்குப் போயிற்று. ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை ஏறிற்று! அதுமட்டுமா? வாங்க ஆள் இருக்கும் இடத்தை எடுத்தார்கள். வாங்க ஆள் இல்லாத இடத்தை எடுக்காமலே விட்டார்கள். பணக்கார நாட்டின் வயல் படமாயிற்று; ஏழை நாட்டின் காடு இருட்டில் கிடந்தது. அன்று எடுக்காத படத்தை இன்று எவர் எடுக்க முடியும்? ஆண்டுகள் போனவை போனவைதாம். வரலாற்றின் ஏட்டில் வெற்றுத் தாள்கள் விழுந்தன. காரணம், அந்தத் தாளுக்கு வாடிக்கையாளர் இல்லை!

பொதுச் சொத்தைத் தனியார் கையில் கொடுத்தால் திறமை பெருகும், இலாபம் வளரும் என்றனர். நேர்ந்தது வேறு. தனியார் ஏற்பாடு சரிப்படவில்லை. 1992இல் புதுச்சட்டம் செய்து அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. 1999இல் ஏவிய லேண்ட்சாட் ஏழாவது கோளின் படம் 600 டாலருக்கு இறங்கிற்று. 2008இல், இனி விலையே இல்லை, உலகில் எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தனர்.

விளைவு என்ன? விலை வைத்த காலத்தில் மிக அதிகமாகப் போன ஆண்டிலும், போனவை 25,000 படங்கள் அளவில்தான். விலையை நீக்கியபின் ஓராண்டிலேயே பத்து இலட்சத்தைத் தாண்டிற்று! பூட்டைத் திறந்தால் போதும் — உள்ளே வர மக்கள் காத்திருந்தனர்.

2013இல், மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் உலகத்துக் காடுகளின் வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். 6,54,178 லேண்ட்சாட் படங்களைக் கொண்டு செய்தது. 2000 முதல் 2012 வரை உலகம் இழந்த காடு 23 இலட்சம் சதுர கிலோமீட்டர். புதிதாகப் பெற்றதோ 8 இலட்சம். ஒரு படத்துக்கு 600 டாலர் என்ற பழைய விலையைப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 39 கோடி டாலர்! எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும் அதை? விலை இருந்திருந்தால் அந்த வரைபடமே இருந்திராது. இழப்பும் உலகின் கண்ணில் பட்டிராது.

கண் திறந்தால் மட்டும் போதுமா? கண்டதைச் சொல்ல நாக்கு வேண்டாமா?

பிரேசில் நாட்டைப் பாருங்கள். அமேசான் காடு அங்கே. 1988 முதல் ஆண்டுதோறும் செயற்கைக்கோள் படம் கொண்டு எவ்வளவு காடு அழிந்தது என்று கணக்கிட்டு வருகிறது அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம். 2004ஆம் ஆண்டுக் கணக்கு 27,772 சதுர கிலோமீட்டர். நம் தமிழகத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிலம், ஒரே ஆண்டில் மொட்டை! அதே ஆண்டில் இன்னொரு ஏற்பாடும் செய்தனர். ஆண்டு முடியும்வரை காத்திராமல், வெட்டு நடக்க நடக்கவே கண்டு எச்சரிக்கும் ஏற்பாடு. எச்சரிக்கை வந்த இடத்துக்கு அதிகாரிகள் விரைந்தனர், தண்டம் விதித்தனர், மரம் அறுக்கும் இயந்திரங்களைப் பறித்தனர். 2012இல் அழிவு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. ஆறில் ஒரு பங்கு!

பிறகு ஆட்சி மாறிற்று. 2019இல் காடழிவு ஏறுகிறது என்று படம் காட்டியது. அன்றைய குடியரசுத் தலைவர் ஜயிர் பொல்சொனாரோ, கணக்கே பொய் என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ அஞ்சவில்லை. கணக்கு சரியே என்று நாடறியச் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே பதவி பறிக்கப்பட்டது. முகம் கோணல் என்று காட்டிய கண்ணாடியை உடைத்தார்கள்! உடைத்ததால் முகம் நேராயிற்றா? 2021ஆம் ஆண்டுக் கணக்கில் அழிவு 13,038 சதுர கிலோமீட்டர். படம் பொய் சொல்லவில்லை. ஏனெனில், அந்தப் படங்கள் பூட்டிய அறையில் இல்லை; உலகத்தின் முன்னே திறந்து கிடந்தன. ஒருவரை நீக்கலாம், உலகத்தின் கண்ணை நீக்க முடியுமா? 2022 தேர்தலில் ஆட்சி மாறியது. 2023இல் கல்வாவோ அந்நாட்டு அறிவியல் ஆய்வு மன்றத்தின் தலைவராக அமர்ந்தார். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அழிவு ஏறத்தாழ 6,300 சதுர கிலோமீட்டராக இறங்கிற்று.

இதில் நாம் பெறும் பாடம் என்ன? செயற்கைக்கோள் ஒரு மரத்தையும் காக்கவில்லை. காட்டியது, அவ்வளவே. காத்தது, காட்டியதைக் கண்டு நடவடிக்கை எடுத்த ஆட்சி. அழியவிட்டது, காட்டியதைக் காண மறுத்த ஆட்சி. கோள் ஒன்றுதான், கோல் பிடித்தவர் வேறு!

நம் நாட்டுக்கு வருவோம். 1979 முதல் ஐதராபாத் அருகே லேண்ட்சாட் படங்களைத் தரையில் வாங்கும் நிலையம் இயங்கிற்று. 1988 மார்ச் 17ஆம் நாள், ஐ.ஆர்.எஸ். 1ஏ என்ற இந்தியாவின் சொந்தத் தொலையுணர்வுக் கோள், சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. நம் பயிரை, நம் தரிசை, நம் நீரை நம் கண்ணாலேயே பார்க்கும் காலம் வந்தது. 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை, 5 மீட்டரும் அதற்கு மேலும் புள்ளி அளவுள்ள படங்களை இலவசமாகத் திறந்துவிடச் சொல்கிறது. வரவேற்கிறோம். வரவேற்பதோடு நில்லாமல், அது ஏட்டிலிருந்து நாட்டுக்கு வந்திருக்கிறதா என்று கேட்பதும் நம் கடன்.

மண்ணுக்கு மேலே உள்ளதை மட்டுமா பார்க்கிறார்கள்? மண்ணுக்கு அடியில் உள்ள நீரைக்கூட நிறுத்துவிட்டார்கள்! 2002இல் கிரேஸ் என்ற பெயரில் இரண்டு கோள்களை ஏவினர். ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஓடின. கீழே எடை மிகுந்த இடம் வந்தால் முன்னது சற்று இழுக்கப்படும், இடைவெளி மாறும். மயிரிழையினும் குறைவான அந்த மாற்றத்தை அளந்து, கீழே எடை கூடிற்றா குறைந்ததா என்று கண்டார்கள். பஞ்சாப், அரியானா, இராசத்தான் பகுதியில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை, நிலத்தடியிலிருந்து போன நீர் 109 கன கிலோமீட்டர் என்று 2009இல் வெளியிட்டார்கள். நிரம்பித் ததும்பும் மேட்டூர் அணையைப்போல் நாற்பது அணைகளுக்கு மேல்! பம்பு ஒவ்வொன்றும் தன் கிணற்றை மட்டும் பார்த்தது. மொத்தத்தை வானம் பார்த்தது. ஆளுக்கொரு கிணறு என்று எண்ணியது, அடியில் ஒரே தண்ணீர்!

ஆயினும், வானத்துக் கண்ணுக்கும் குறைகள் உண்டு, மறைக்கமாட்டோம். மேகம் மூடினால் சாதாரணக் கருவிக்குக் கண் தெரியாது. ராடார் அலைகொண்டு பார்க்கும் கருவிகளே மேகத்தை ஊடுருவும். ஒரு புள்ளிக்குள் கரும்பும் இருக்கும், கட்டாந்தரையும் இருக்கும், கலந்து குழப்பும். படத்தில் பச்சை என்றால் நெல்லா, ஆகாயத்தாமரையா? வானம் சொல்லாது, நடந்துபோய்ப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். எந்த விஞ்ஞானியும் தரையில் இறங்கிச் சரிபார்க்காமல் படத்தை நம்புவதில்லை.

அந்த இடத்தில்தான், தோழர்களே, நம் வேலை தொடங்குகிறது! எந்த மதகு எப்போது அடைபட்டது, எந்தக் கால்வாய் எந்த ஆண்டு தூர்ந்தது, எந்தப் புறம்போக்கில் எவர் வேலி போட்டார் — இவை ஊரில் வாழும் உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில், உங்கள் ஊர் ஏரி பல ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். படிப்பகத்தில் மாலை கூடும்போது படிக்கத் தெரிந்த தம்பி ஒருவர் எடுத்துக் காட்டட்டும். கரையோரம் நடந்தே வளர்ந்த பெரியவர் ஒருவர், "இங்கேதான் களிங்கு இருந்தது" என்று விரல் வைத்துக் காட்டட்டும். படமும் பட்டறிவும் ஒன்று சேரட்டும். அந்த இரண்டையும் கையில் ஏந்திக் கொடுக்கும் மனுவை, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது எளிதல்ல. நாம் ஆளும் இடத்திலிருந்தாலும் சரி, எதிர்வரிசையில் இருந்தாலும் சரி, இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை நமக்கு மாறாது.

கொல்லர் இரும்பின் நிறம் பார்த்து நின்றுவிடவில்லை. காய்ந்தது என்று கண்டதும் சம்மட்டி ஓங்கச் செய்தார். உழவர் பயிர் வெளிறியதைப் பார்த்து வரப்பில் உட்கார்ந்துவிடவில்லை, எருக்கூடையைத் தேடினார். பார்ப்பது பாதி வேலை. மறுபாதி கையில் இருக்கிறது.

கண் வானத்தில் இருக்கட்டும்; கால் களத்தில் நிற்கட்டும்; ஏடு மக்கள் கையில் இருக்கட்டும்!